குறைத்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நேர மேலாண்மைக் கட்டுரையில், ஊழியர்களுக்குத் தங்கள் வேலை எத்தனை நாள் பிடிக்கும் என்பதே தெரிவதில்லை என்று ஒரு வரி வந்திருந்தது. நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி மிகவும் புண்படுத்தியது.

மனிதர்கள் நாட்களைக் குறைத்தே கணக்கிடுவார்கள் என்பதை உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதிவிட்டார்கள். 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் போதும் என்ற மாணவர்களுக்கு 55 நாளுக்கு மேல் ஆனது. எல்லாமே கோளாறாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்குக்கூட சராசரியாக 49 நாள்தான் சொன்னார்கள். மறுக்கவில்லை. ஆனால் அந்த மாணவர்கள் சொன்ன கணக்கை யாரும் பேரம் பேசிக் குறைக்கவில்லையே!

நான் மென்பொருள் துறையில் பல வருடங்களாக, ஒரு வேலை எத்தனை நாள் பிடிக்கும் என்று எஸ்டிமேட் கொடுத்து வருகிறேன். மூன்று வாரம் என்றால், ‘ஏன் அவ்வளவு?’ என்பார்கள் மேலாளர்கள். வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே இரண்டு வாரம் என்று சொல்லியிருப்பார்கள். நாம் சரி என்று தலையாட்டும் வரை மீட்டிங் முடியாது. அப்புறம் அது என் வாயால் வந்த கணக்காகப் பதிவாகிவிடும். டெஸ்டிங்குக்கு ஒதுக்கிய நாட்கள்தான் முதலில் வெட்டுப்படும். ஒப்புதலுக்குக் காத்திருந்த நாட்கள், பாதியில் மாறிய தேவைகள், வேறொரு புராஜெக்டில் ஏதோ நின்றுபோய் நம்மை இழுத்துக்கொண்டு போன நேரம், இதற்கெல்லாம் டைம்ஷீட்டில் இடமே கிடையாது. தாமதத்துக்கு மட்டும் என் பெயர். அச்சுக்குப் போகும் தேதியோடு மல்லுக்கட்டும் தங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கட்டுரையாளர் ஆஸ்திரேலியாவின் சிட்னி ஓபரா ஹவுஸ் அரங்கத்தையும் உதாரணம் காட்டியிருந்தார். 1963-இல் முடிய வேண்டியது 1973-இல்தான் திறக்கப்பட்டது, உண்மை. வடிவமைப்பு முழுமையாகும் முன்பே 1959-இல் கட்டுமானத்தைத் தொடங்க வைத்தது மாநில அரசு. அவசரப்பட்டது அங்கே வேலை செய்தவர்கள் அல்ல. அதை ஏன் விட்டுவிட்டார்?

வீட்டிலிருந்து வேலை செய்வது பற்றிய தொடரிலும் மேலாளர்களின் பேட்டிகள் மட்டுமே வந்தன. அப்போது நான் எழுதிய கடிதம் பிரசுரமாகவில்லை. பொறுத்துக்கொண்டேன். ஊழியர்களைப் பற்றி எழுதும்போது ஒரே ஓர் ஊழியரிடமாவது பேசக்கூடாதா?

அடுத்த முறை இது பற்றி எழுதுபவரிடம், ஊழியர் முதலில் சொன்ன நாள் எது, திட்டத்தில் ஏறிய நாள் எது என்று இரண்டையும் கேட்டுப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்