பிரான்ஸுக்குப் பறக்கும் முன்: சாவி மேசையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

இந்தக் கோடையில் எங்கள் செஸ்னா சிறுவிமானத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பிரான்ஸின் வடகரையில் உள்ள லெ டூக்கே போய்வரப் பலர் கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தின் கென்ட் கரையில் உள்ள லிட் விமான நிலையத்திலிருந்து கிளம்பினால் அரை மணி நேரம்கூட ஆகாது. அதற்கான எழுத்து வேலையில்தான் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிரிட்டனிலிருந்து வெளிநாடு போகிற, அங்கிருந்து வருகிற தனியார் விமானம் ஒவ்வொன்றுக்கும் ஜி.ஏ.ஆர். (ஜெனரல் ஏவியேஷன் ரிப்போர்ட்) என்ற முன்னறிவிப்பை எல்லைப் படைக்கு அனுப்ப வேண்டும். 2024 ஏப்ரல் 6 முதல் இணையம் வழியாக மட்டும்தான். எக்செல் தாளை மின்னஞ்சலில் தட்டிவிட்ட காலம் முடிந்தது. புறப்படும் நேரத்துக்கு 48 மணி நேரத்துக்குள், குறைந்தது 2 மணி நேரம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். தவறினால் 10,000 பவுண்டு வரை அபராதம். “ஃபிளைட் பிளான் கொடுத்துவிட்டேனே” என்பீர்கள். அது வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு. இது, விமானத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்வதற்கு.

போகும்போது யாரும் மறப்பதில்லை, திரும்பும்போதுதான். போன வருடம் ஒருவர் மதியச் சாப்பாடு முடிந்து, மேகம் திரள்வதைப் பார்த்து, உடனே கிளம்பலாமா என்று எங்களுக்குப் போன் செய்தார். திரும்பும் ஜி.ஏ.ஆர். அனுப்பியிருக்கவில்லை. அந்த 2 மணி நேரம் அங்கே கிளம்பும் நேரத்திலிருந்து கணக்கு, இங்கே இறங்கும் நேரத்திலிருந்து அல்ல. அரை மணிப் பயணத்துக்கு 2 மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பாவம்.

அதனால் இனி ஒரு விதி: போக ஒன்று, வர ஒன்று, இரண்டு ஜி.ஏ.ஆர். உறுதிச் செய்தியையும் காட்டினால்தான் சாவி. ஒரு நாள் தங்கி வருவதானாலும் இரண்டையும் முன்பே அனுப்பிவிடலாம். ஆளோ நேரமோ மாறினால் திருத்திக்கொள்ளலாம்.

பெயர்களைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள், செல்லப்பெயர் வேண்டாம். பிரெஞ்சு நண்பரை ஏற்றிவருவதானால் அவரிடம் இ.டி.ஏ. (பிரிட்டனுக்குள் வர முன்கூட்டியே வாங்கும் மின்னணுப் பயண அனுமதி) இருக்கிறதா என்று கேளுங்கள். ஐரோப்பியர்களுக்கு 2025 ஏப்ரல் 2 முதல் அது கட்டாயம். அப்புறம், பிரான்ஸ் தரப்புக்குத் தனி முன்னறிவிப்பு உண்டு. அதன் கெடு விமான நிலையத்துக்கு விமான நிலையம் மாறும், முன்தினமே கேட்டுவிடுங்கள்.

நேரக் கணக்கிலும் கவனம். ஃபிளைட் பிளானுக்கு யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரம்; கோடையில் நம் கடிகாரம் அதைவிட 1 மணி நேரம் முன்னால், பிரான்ஸில் 2 மணி நேரம்.

படிவத்தில் சந்தேகம் இருந்தால் முதல் நாள் மாலையே வாருங்கள். தேநீர் எங்கள் செலவு.