அந்த மூன்று மணிகள் எங்கே?

போலித் தங்க மோசடி வழக்குகளை விசாரிக்கும் காவல் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் தங்கம் உரைத்துப் பார்த்து மாற்று, அதாவது தங்கம் எவ்வளவு சுத்தம் என்று, சொல்கிறவன். முப்பது வருடத்துக்கு மேலாக இதுதான் பிழைப்பு. மோசடி வழக்கில் பிடிபட்ட மஞ்சள் உலோகத்தைத் துணியில் சுற்றி என்னிடம் கொண்டு வருவீர்கள். நான் ஓரத்தில் அரத்தால் கீறி, கல்லில் உரைத்து, ஒரு சொட்டு நைட்ரிக் திராவகம் விடுவேன். கோடு பச்சையாக நுரைத்துக் கரைந்து போகும். "பித்தளைங்க" என்பேன். எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். இத்தனை வருடத்தில் இப்படி எத்தனை முறை நடந்தது என்று கணக்கு வைக்கவில்லை. ஆனால் உங்களில் ஒருவர்கூட ஒரு கேள்வியை மட்டும் கேட்டதில்லை. ஏமாந்தவர் பணம் கொடுப்பதற்கு முன்னால் எதையோ சோதித்துப் பார்த்தாரே, அந்த நல்ல தங்கம் எங்கே?

இந்த மடல் அதற்காகத்தான்.

சில மாதங்களுக்கு முன் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். காகிதப் பொட்டலத்தில் மூன்று சின்ன மணிகள். நடுவில் துளை, ஓரத்தில் பொடிப் பொடியாக வெட்டு வேலைப்பாடு, மேலே கொஞ்சம் மண். மூன்றையும் உரைத்தேன், திராவகம் விட்டேன், கோடு அசையவில்லை. ஒரு மணியை அவர் சம்மதத்தோடு பாதியாக வெட்டிப் பார்த்தேன், உள்ளேயும் அதே நிறம். நல்ல மாற்று என்றேன். "நிச்சயமாத் தெரியுமா?" என்று இரண்டு முறை கேட்டார். எனக்குச் சின்னக் கோபம்கூட வந்தது. இத்தனை வருடம் இந்தக் கல்லோடு உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா என்றேன். வெட்டிய துண்டுகளையும் பொறுக்கிப் பொட்டலத்தில் மடித்துக்கொண்டு போனார்.

பதினைந்து நாள் கழித்து நீங்கள் வந்தீர்கள், கையில் இரண்டு கிலோ மணிகளோடு. அதே துளை, அதே வெட்டு, அதே மண். அத்தனையும் பித்தளை. உங்களுக்குப் பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. "நீங்க சொன்னது சரிதானே?" என்று மட்டும் கேட்டார். சரிதான். நான் சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. அந்த உண்மையை நம்பித்தான் அவர் வீடு வாங்கச் சேர்த்து வைத்திருந்ததைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அவர்கள் போட்ட நாடகத்தில் எனக்கும் ஒரு வேடம் இருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல். மண் தோண்டும்போது புதையல் கிடைத்ததாகச் சொல்ல ஒரு ஆள். அவனுக்குப் படிப்பறிவில்லை, விலை தெரியாது, வெளியே விற்கப் பயம் என்று இரக்கத்தோடு எடுத்துச் சொல்ல இன்னொரு ஆள். வேறொருவர் கூடுதல் விலைக்குக் கேட்கிறார் என்று அவசரப்படுத்த மூன்றாவது ஆள். வண்டி ஓட்ட ஒருவன். சில கூட்டங்களில், பணம் கைமாறிய நிமிடத்தில் போலீஸ் உடையில் வந்து மிரட்ட இரண்டு பேர். இத்தனை பேரும் பொய்யர்கள். ஒரே ஒரு வேடத்துக்கு மட்டும் அவர்களுக்கு நேர்மையான ஆள் தேவை. மணியை உரைத்துப் பார்த்து "தங்கம்தான்" என்று சொல்கிற ஆள். அவனுக்குச் சம்பளம்கூடத் தர வேண்டியதில்லை.

உங்கள் வழக்கு ஏடுகளில் இந்த இடம் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. "மாதிரியைக் காட்டி நம்பவைத்து" என்று எழுதிவிட்டு நேராகப் பித்தளைக்குப் போய்விடுகிறீர்கள். பித்தளை எதைச் சொல்லும்? அது பித்தளை என்பதை மட்டும் சொல்லும். கடைசியில் கைக்குச் சிக்கியவன், "எனக்கே தெரியாதுங்க, நானும் தங்கம்னு நம்பித்தான் வித்தேன்" என்பான். அதை உடைக்கப் பித்தளையிடம் பதில் இல்லை. அந்த மூன்று மணிகளிடம் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். புதையல் என்று ஒன்று கிடையாது. அப்படியானால் நல்ல தங்கத்தை யாரோ காசு கொடுத்து வாங்கி, உருக்கி, மணியாகச் செய்திருக்க வேண்டும். பித்தளை மணியும் அதே வடிவத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாதிரிக்கும் சரக்குக்கும் பொருந்தாது. ஆகவே இரண்டும் ஒரே அச்சில், ஒரே பட்டறையில் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அச்சில் ஒரு சின்னப் பிசிறு இருந்தால் தங்க மணியிலும் இருக்கும், பித்தளை மணியிலும் இருக்கும். பூதக்கண்ணாடியில் வைத்தால் தெரியும். ஏமாந்தவரை முதன்முதலாகப் பார்ப்பதற்கு முன்பே இவர்கள் உட்கார்ந்து திட்டமிட்டு முதல் போட்டிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? குற்றச் சதிக்கு உடன்பாடுதான் உயிர். சதியை யாரும் சாட்சி வைத்துப் பேசுவதில்லை, சூழ்நிலைச் சான்றுகளை வைத்துத்தான் ஊகிக்க முடியும் என்று நீதிமன்றங்களே எத்தனையோ முறை சொல்லிவிட்டன. அந்தச் சூழ்நிலைச் சான்று இரண்டு மூன்று கிராம் எடையில் ஒரு காகிதப் பொட்டலத்தில் கிடக்கிறது. அதை நீங்கள் கேட்டு வாங்குவதில்லை.

இன்னொன்றும் உண்டு. சுத்தத் தங்கம் போக மணியில் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று ஆய்வகத்தில் அளந்து சொல்லிவிடலாம். ஒரே உருக்கில் வந்த தங்கமென்றால் இந்த விகிதம் ஒத்துப்போகும். இரண்டு ஊர்களில் இரண்டு பேர் ஏமாந்த வழக்குகளில் மாதிரி மணிகள் இரண்டும் ஒரே விகிதம் என்றால், இரண்டு வழக்குக்கும் பின்னால் ஒரே கூட்டமா என்று தேட ஒரு நூல்முனை கிடைக்கும். இதை மட்டும் வைத்துத் தண்டனை வாங்க முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் தனித்தனிக் கோப்புகளாகக் கிடக்கிறவை ஒரே மேசைக்கு வரும்.

நல்ல தங்கத்தைப் பார்த்தே மோசடியைக் கண்டுபிடித்த கதை உலகத்தில் இருக்கிறது. 1990-களில் பிரே-எக்ஸ் என்ற கனடிய நிறுவனம், இந்தோனேசியாவின் போர்னியோ காட்டில் புசாங் என்ற இடத்தில் மண்ணுக்கடியில் ஏராளமான தங்கம் இருப்பதாகச் சொன்னது. துளையிட்டு எடுத்த பாறையைப் பொடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஆய்வகம் நேர்மையாகச் சோதித்து, தங்கம் இருக்கிறது என்றது. இருந்தது. பொடியில் யாரோ கலந்துவிட்ட தங்கத்தூள். நிறுவனத்தின் சந்தை மதிப்பு சுமார் 600 கோடி கனடிய டாலர் வரை ஏறி, 1997-இல் மண்ணாய்ப் போனது. அந்தத் துகள்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது விளிம்புகள் உருண்டு மழுங்கியிருந்தன. ஆற்றில் உருண்டு வந்த தங்கத்துக்குத்தான் அப்படி இருக்கும், பாறைக்குள் இருந்து உடைத்தெடுத்ததற்கு இருக்காது. எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கதையைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். அந்த ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தவரும் என்னைப் போல ஒருவர்தானே.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம். புகார் கொடுக்க வருகிறவரிடம் உங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, "இவ்வளவு கம்மி விலைக்குத் தங்கம் தருவேன்னு சொன்னா நம்பிடுவியா? பேராசைதானே?" நான் பக்கத்தில் நின்று காதால் கேட்டிருக்கிறேன். பேராசை இல்லை என்று வாதாட வரவில்லை. பாதி விலைக்குப் புதையல் என்றவுடன் மனசு ஆடத்தான் செய்யும். புதையல் கிடைத்தால் அரசுக்குச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் பல நாடுகளில் இருக்கிறது, அதுவும் அவருக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கும். அந்தக் குற்ற உணர்ச்சிதான் கூட்டத்துக்கு வேலி. போலி போலீஸ் வேடம் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? மிரண்டு ஓடிய ஏமாந்தவர் உண்மையான போலீஸிடமும் வரக்கூடாது என்பதற்கு. நீங்கள் கேட்கிற அந்த முதல் கேள்வி, அவர்கள் விட்ட இடத்திலிருந்து அவர்களுடைய வேலையைத் தொடர்கிறது.

அப்புறம், ஏமாந்தவர் முட்டாள் என்ற நினைப்பையும் விடுங்கள். 2008-இல் எத்தியோப்பிய மத்திய வங்கி தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பிய கட்டிகள், தங்கம் பூசிய எஃகு என்று தெரிந்து திரும்பி வந்தன. 2020-இல் சீனாவின் வூகானில் ஒரு பெரிய நகை நிறுவனம் 83 டன் தங்கத்தைப் பிணை காட்டி 2,000 கோடி யுவான் அளவுக்குக் கடன் வாங்கியிருந்தது. அதில் ஒரு பகுதியைச் சோதித்தபோது முலாம் பூசிய செம்புக் கலவை என்று தெரிந்தது. கடன் கொடுத்தவை நிதி நிறுவனங்கள், காப்பீடும் இருந்தது, சோதிக்க ஆட்களும் இருந்தார்கள். மூன்று மணியை உரைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே, என்னிடம் வந்தவர் அந்த அளவுக்குக் கவனமான மனிதர்.

அவரைச் சரக்கு முழுவதையும் சோதிக்க விடவில்லை. இருட்டில், வண்டிக்குள், "யாராவது பார்த்துடுவாங்க" என்ற அவசரத்தில் பையைக் கொடுத்தார்கள். "நல்லா கனமா இருந்துச்சு" என்று வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறார். இரண்டு கிலோ எதுவானாலும் கனமாகத்தான் இருக்கும். ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் 19.3 கிராம், பித்தளை எட்டரை கிராம் சொச்சம். ஒரு கிலோ தங்கக் கட்டி 52 கன சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும், உள்ளங்கையில் மறைக்கலாம். பித்தளையில் அதே ஒரு கிலோவுக்கு இரண்டு மடங்குக்கு மேல் இடம் வேண்டும். அந்தப் பை அவ்வளவு பெரிதாக இருந்ததே அவரை உறுத்தியிருக்க வேண்டும். யாருக்குத் தெரியும் இதெல்லாம். காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து நம்பியவர்களும் உண்டு. பித்தளையிலும் செம்பிலும் ஈயத்திலும்கூடக் காந்தம் ஒட்டாது.

எங்கள் தொழிலில் எல்லோரும் யோக்கியர்கள் என்று சொல்லமாட்டேன். முலாம் நகையைத் தெரிந்தே "நல்ல நகை" என்று எழுதிக் கொடுத்து, அடகுக் கடனில் பங்கு வாங்கியவர்களை எனக்கே தெரியும். அவர்களை விசாரியுங்கள், என்னையும் விசாரியுங்கள். எந்தத் தேதியில், எந்த மாதிரியை, யார் கொண்டுவந்தார்கள் என்று ஒவ்வொரு உரைகல்காரனும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னால் நான் முதலில் வைப்பேன்.

பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று நிலையத்திலேயே பேசி முடிக்கிற வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். ஏமாந்தவருக்குக் கிடைத்தவரை லாபம் என்று தோன்றும், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாதி எங்கிருந்து வருகிறது? மீதி பாதி கூட்டத்திடம் இருக்கிறது, அச்சும் இருக்கிறது.

சரி, எங்கள் வழக்குக்கு வருகிறேன். மணிகள் என்ன ஆயின என்று அவரிடம் நானே கேட்டேன். பணம் கொடுக்கிற அன்று, "மாதிரியையும் கொண்டு வாங்க, மொத்தமா எடை போட்டுக்கலாம்" என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம். பாருங்கள், அதன் அருமை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் வெட்டிய இரண்டு துண்டுகளில் ஒன்று அவர் வீட்டில், அதே பொட்டலத்தின் மடிப்பில் சிக்கிக் கிடந்திருக்கிறது. பத்திரமாக வைத்திருக்கிறார். அவர் உரைக்கக் கொடுத்த நாளில் கல்லில் விழுந்த மூன்று கோடுகளில் இரண்டை நான் அழித்துவிட்டேன், தொழில் பழக்கம். ஒன்று ஓரத்தில் தப்பியிருக்கிறது. நீங்கள் அவரோடு வந்துபோன நாளிலிருந்து அந்தக் கல்லில் வேறு எதையும் உரைக்கவில்லை. காகிதத்தில் சுற்றி, தேதி எழுதி, பெட்டியில் வைத்துவிட்டுப் புதுக் கல் வாங்கிக்கொண்டேன்.

பித்தளையைச் சோதிக்க எப்படியும் மறுபடி வருவீர்கள். வரும்போது கல்லையும் கேளுங்கள், எடுத்துத் தருகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
தங்கம் உரைக்கும் ஒருவன்