அதுதான் வெளியே வந்துவிட்டார்களே!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஞாயிறு தலையங்கத்தில் உபா எனும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் கைதானவர்களைப் பற்றி எழுதிவிட்டு, 'நிரபராதிகள் என்றால் எப்படியும் வெளியே வந்துவிடப் போகிறார்கள், அதற்குள் எதற்கு இத்தனை கூச்சல்?' என்று கேட்டிருந்தீர்கள். எப்போது வருவார்கள் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

சக்கர நாற்காலியில் இருந்த பேராசிரியர் சாய்பாபா 2014இல் உபா வழக்கில் கைதானார். 2022 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் விடுவித்தது. மறுநாளே, சனிக்கிழமை என்றும் பாராமல், உச்ச நீதிமன்றம் கூடி அதை நிறுத்தி வைத்தது. 2024 மார்ச்சில் மறுபடியும் விடுதலை, அக்டோபரில் இறந்துவிட்டார். தங்கள் கணக்கில் அவரும் வெளியே வந்தவர்தான். நம் திருச்சி மாவட்டத்துக்காரர், பாதிரியார் ஸ்டேன் சாமிக்கு அதுவும் வாய்க்கவில்லை. நடுக்குவாதத்தால் தம்ளர் பிடிக்க முடியாத 83 வயதுக்காரர், உறிஞ்சுகுழலுக்கு நீதிமன்றத்தில் மனு போட வேண்டியிருந்தது. 2021 ஜூலையில் ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார்.

உபாவில் 2008இல் நுழைத்த 43டி(5) பிரிவு தாங்கள் அறியாததல்ல. போலீஸ் கொடுக்கும் காகிதங்களைப் பார்த்து, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று பட்டாலே நீதிபதி ஜாமீன் தர முடியாது. குற்றப்பத்திரிகை போடவே 180 நாள் வரை அவகாசம் உண்டு.

என் தம்பியின் வழக்கு அவ்வளவு பெரியதல்ல, ஒரு சாலை மறியல்தான். சிறைக்கு மனு பார்க்க, அதாவது அவனைச் சந்திக்க, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவேன். கம்பிவலைக்கு இந்தப் பக்கம் பத்துக் குடும்பம் ஒரே நேரத்தில் கத்தும். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பஸ் ஏறியதும் 'அவன் என்னடா சொன்னான்?' என்று என்னைக் கேட்பார். வாய்தா அன்று கோர்ட்டில் காத்துக் கிடந்தால், வழிக்காவலுக்கு ஆள் இல்லை, அதனால் அழைத்து வரவில்லை என்பார்கள். காவல் நீட்டிப்பாகும். கடைசியில் விடுதலைதான், சரி. அதற்குள் வேலையும் போயிற்று, நிச்சயம் செய்த பெண் வீட்டாரும் போய்விட்டார்கள்.

வைகோ பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் 19 மாதம் உள்ளே இருந்தபோது தங்கள் தலையங்கங்கள் இப்படி இல்லை. அவர் தலைவர், இவர்கள் யாரோ! பொடா 2004இல் ஒழிந்தது என்று இனிப்பு வழங்கியவர்களுக்கு, அதன் பிரிவுகள் அதே ஆண்டு உபாவுக்குள் குடிபுகுந்தது நினைவில்லை போலும். வேடிக்கையைக் கேளுங்கள்: விசாரணைக் கைதி தேர்தலில் நிற்கலாம், ஓட்டுப் போட முடியாது. 2024இல் திகார் சிறையில் இருந்தபடியே காஷ்மீரின் பாராமுல்லா மக்களவைத் தொகுதியில் ஜெயித்த ரஷீதுக்குத் தன் சின்னத்தில் தானே ஓட்டுப் போட வழியில்லை. இதையெல்லாம் போன வருடமே எழுதியிருந்தேன். பாதியை வெட்டிவிட்டுப் போட்டீர்கள். இடப் பற்றாக்குறையாக இருக்கும்.

அதனால் சின்னதாக ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒருவர் கைதான செய்தியைப் படத்தோடு எந்தப் பக்கத்தில் போடுகிறீர்களோ, அவர் விடுதலையான செய்தியையும் அதே பக்கத்தில் போடுங்கள். என் தம்பி கைதானது தங்கள் முதல் பக்கத்தில் வந்தது. விடுதலையானது, ஒன்பதாம் பக்கத்தில் ஏல அறிவிப்புக்குக் கீழே நான்கு வரி. அதிலும் அவன் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தீர்கள்.

இப்படிக்கு,
இன்னும் சந்தாவை நிறுத்தாத ஒரு வாசகன்