மூன்றாவது பொத்தான்

உவர்மலை,
திருக்கோணமலை.
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாவலைப் போனில் வாசிக்க என் கண் இடம் கொடுக்கவில்லை. அப்பா டவுனுக்குக் கொண்டுபோய் பிரிண்ட் எடுத்து வந்தார். 212 பக்கம். கடைப் பொடியன் முதல் பக்கத்தை வாசித்துவிட்டு, "ஐயா, ஆர் தள்ளினது?" என்று கேட்டானாம். அதைவிட நல்ல விமர்சனம் உனக்கு இனிக் கிடைக்காது. ஆனாலும் 28 வருஷம் கோர்ட்டில் தட்டச்சு அடித்தவள் நான். "நல்லா இருக்கு பிள்ளை" என்று இரண்டு வரி அனுப்பிவிட்டுப் படுக்க மனம் வருமா? சிவப்புப் பேனையோடுதான் இருந்தேன்.

நாவலில் உன் கந்தோர் அப்படியே இருக்கிறது. ஏசி குளிருக்குக் கதிரை முதுகில் தொங்கும் சால்வை, லிஃப்டுக்குள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இலக்கத்தைப் பார்ப்பது, போனஸை வெட்டிய அன்றைக்கே "அன்பான எமது குடும்பத்தினரே" என்று வரும் மின்னஞ்சல். கருவாட்டுக் கறியை மைக்ரோவேவில் சூடாக்கியதற்காக நடக்கிற சண்டையை இரண்டு தரம் வாசித்துச் சிரித்தேன். கொலைக்கான காரணமும் வலுவாக இருக்கிறது. ஆளே இல்லாத பெயர்களுக்குச் சம்பளம் போகிறது. கொலையாகிற கணக்காளர் அதை ஊழியர் சேமலாப நிதியில் பிடிக்கிறார். சம்பளத்தில் 8 வீதம், கம்பனி போடுவது 12 வீதம். பணத்தை ஒளித்தாலும் பெயருக்குப் பின்னால் ஓர் அடையாள அட்டை இலக்கம் நிற்க வேண்டுமே. அந்த இலக்கங்கள் ஏற்கெனவே வேலையை விட்டுப் போனவர்களுடையவை என்று அவர் கண்டுபிடிக்கும் இடம் உன் தொழில் உனக்குத் தந்தது. கொழும்புக்குப் போய் ஆறு வருஷமாக மனித வள டெஸ்கில் குந்தியிருந்தது வீண் போகவில்லை.

சரி, இனிச் சிவப்புப் பேனை.

கொலைகாரன் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியான ஓ.ஐ.சி.க்கு முன்னால் அழுது, "நான்தான் தள்ளினேன்" என்று சொல்கிறான். வழக்கு முடிந்தது, அடுத்த பக்கத்தில் தூக்கு. மகளே, சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு என்று ஒன்று 1895இலிருந்து இருக்கிறது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் சொன்ன குற்ற ஒப்புதலை அந்த ஆளுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அவன் ஒரு கொப்பி நிறைய அழுது எழுதிக் கொடுத்தாலும் மேல் நீதிமன்றத்தில் அது செல்லாது. ஆனால் 27ஆம் பிரிவில் உனக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. அவன் சொன்னதை வைத்துப் பொலிஸ் ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தப் பொருளோடு நேரே தொடர்பான அளவு வாக்குமூலத்தை மட்டும் சாட்சியமாக எடுக்கலாம். செத்தவருடைய கதவு அட்டையை அவன் பேரை வாவியில் எறிந்ததாக நீயே 170ஆம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். எழுதிவிட்டு மறந்தும் போனாய். அந்த அட்டையைச் சேற்றுக்குள்ளிருந்து எடுக்க விடு. அவன் அழுகையை வெட்டு.

தூக்கையும் வெட்டு. இந்த நாட்டில் கடைசியாக ஒரு மனிதனைத் தூக்கிலிட்டது 1976இல். தீர்ப்பு எழுதுகிறார்கள்தான், நிறைவேற்றுவதில்லை.

அடுத்தது 88ஆம் பக்கம். உன் கதாநாயகி தமிழில் சொல்லச் சொல்லப் பொலிஸ்காரர் சிங்களத்தில் எழுதுகிறார், அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருகிறாள். இந்த இடத்தில் ஒரு பெரிய காரியத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டு சும்மா கடந்து போகிறாய். எங்கள் கோர்ட்டில் பதிவு தமிழில் நடந்தது. அங்கேயே எனக்கு ஒரு சொல்லில் பயம். "விழுந்தார்", "விழுத்தினார்". மெஷினில் விரல் இரண்டு கட்டை தள்ளிப் போனால் விபத்து, கொலையாகிவிடும், இல்லாவிட்டால் கொலை விபத்தாகிவிடும். ஒருநாள் அப்படி அடித்தும் இருக்கிறேன். நீதவான் வாசித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. நான்கு கார்பன் பிரதியிலும் அழித்துத் திருத்தினேன். ஒரே மொழிக்குள் இந்தப் பாடு என்றால், ஒருவர் சொன்னதை இன்னொரு மொழியில் எழுதி, அவருக்கே வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வாங்கும்போது என்ன நடக்கும்? அவள் "விழுத்தினமாதிரிக் கிடந்தது" என்று சொன்னது "விழுந்து கிடந்தார்" என்று போய்விடட்டும். "வாசித்து விளங்கப்படுத்துங்கோ" என்று அவள் கேட்பதா, விடுவதா? ஒரு அத்தியாயம் முழுக்க அதிலேயே கிடக்கிறது.

முகாமைத்துவத்துக்குக் கணக்காளர் "குதித்தார்" என்பதுதான் வசதி. அதை நீ நன்றாகப் பிடித்திருக்கிறாய். பத்து மணிக்குள் பதின்நான்கு மாடியும் "பாவம், மன அழுத்தமாம்" என்று கதைக்கிறது. கடலுக்கு மேல் நிற்கிற எங்கள் ஊர்ச் சுவாமி மலையைத்தான் நினைத்தேன். பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்துப் பெண், விட்டுவிட்டுப் போன காதலனின் கப்பலைப் பார்த்தபடி குதித்தாள் என்று சின்ன வயதில் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேனே. 1687இல் அவள் பெயரில் தூணும் நட்டார்கள். பழைய ஏடுகளைப் பார்த்தவர்களோ அவள் சாகவேயில்லை, பிறகு வேறொருவரைக் கலியாணம் கட்டி வாழ்ந்தாள் என்கிறார்கள். ஆர் கேட்டது? கோணேசர் கோயிலுக்கு வருகிற பஸ்காரர் இன்றைக்கும் எட்டிப் பார்த்து "இதாலதான் குதிச்சவ" என்றுதான் சொல்கிறார்கள். ஒரு ஊர் முந்நூறு வருஷமாகச் சொல்கிறது. உன் கந்தோருக்கு ஒரு காலைநேரம் போதும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். மற்றதெல்லாம் திருத்தினாலும் சரி, விட்டாலும் சரி. இதை மட்டும் விடாதே.

உன் கணக்காளர் மூன்றாம் பக்கத்தில் செத்துப் போகிறார். அதற்குப் பிறகு அவர் ஒரு பைல். அவருக்கு எத்தனை வயது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் எந்த ஊர், வீட்டில் ஆர் காத்திருந்தது, ஒன்றும் தெரியவில்லை. துப்புத் தேடுகிற இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள், அது அழகாகத்தான் இருக்கிறது. செத்த மனிதனை ஒருவரும் பார்க்கவில்லை.

மரண விசாரணையில் பெரும்பாலும் முதல் சாட்சி டொக்டரும் இல்லை, பொலிசும் இல்லை. பிரேதத்தை அடையாளம் காட்டுகிற ஆள். நான் அடித்த எத்தனையோ விசாரணைகளில் முதல் தாள் அப்படித்தான் தொடங்கும்: "இறந்தவர் எனது மகன்." "இறந்தவர் எனது கணவர்." ஒருமுறை கரையொதுங்கிய உடல். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத நிலை. பொலிசார் எழுதியிருந்தது "வெள்ளை நிற நீளக்கைச் சட்டை ஒன்று" என்று. கடற்கரைப் பக்கத்து வயதான அம்மா ஒருவர் வந்தா. சட்டையை மேசையில் விரித்துக் காட்டினார்கள். அவ முகத்தை மூடவில்லை, கத்தவில்லை. குனிந்து மேலேயிருந்து ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டுக்கொண்டு வந்தா. மூன்றாவதில் விரல் நின்றது. மற்றதெல்லாம் வெள்ளை, அது மண்ணிறம். "நான் தைச்சது ஐயா. வீட்டில வெள்ளைப் பொத்தான் இருக்கேல்ல, அதுதான்" என்றா. ஏதோ தன் பிழைக்கு மன்னிப்புக் கேட்கிற குரல். நீதவான் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நான் "மண்ணிறப் பொத்தான் ஒன்று" என்று அடித்தேன். அந்த வழக்கில் பிறகு என்ன தீர்ப்பு வந்தது என்றுகூட எனக்கு நினைவில்லை.

உன் கதாநாயகி மனித வளத்தில் இருக்கிறாள். கணக்காளர் செத்த பிறகு சேமலாப நிதிக் காசு விஷயமாக அவருடைய பைலைத் திறக்கப் போவது அவள்தானே? அதில் அவர் பின்னுரித்தாளியாக ஆரை எழுதி வைத்திருக்கிறார் என்று இருக்கும். அந்தப் பெயருக்கு அவள் போன் எடுக்க வேண்டும். துப்பறிவதற்காக இல்லை, அது அவளுடைய வேலை. அந்த ஆள் இரவு ரயிலில் கோட்டை ஸ்டேஷனில் வந்து இறங்கட்டும். உன் கண்ணாடிக் கட்டடத்தின் வரவேற்பறையில், பார்வையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டத் தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். அப்புறம் நாவல் தானாக எழுதும்.

கொலைகாரனை நான் 61ஆம் பக்கத்திலேயே பிடித்துவிட்டேன். அஞ்சலி பனரில்தான். உடலைக் கண்டது வெள்ளி காலை. அட்டை வெள்ளி விடிய கதவைத் திறந்ததாகப் பதிவு. கந்தோர் முழுக்க வெள்ளி என்றே நம்புகிறது. பனர் அடிக்கக் கொடுத்தவன் மட்டும் மறைவுத் திகதியை வியாழன் என்று போட்டுவிட்டான். அருமையான துப்பு. ஆனால் தட்டச்சு அடிக்கிறவளின் கண் எந்தத் தாளிலும் முதலில் திகதிக்குத்தான் போகும். நீயோ அதைத் தனிப் பந்தியில் வைத்திருக்கிறாய். ஒளித்து வை. செத்தவருடைய பெயரில் ஒரு எழுத்துப் பிழை விட்டு, அதற்காக நான்கு பேர் சண்டை பிடிக்கட்டும். வாசிக்கிறவன் எழுத்துப் பிழையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திகதி கண்ணுக்கு முன்னாலேயே கடந்துபோகும்.

காதலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்று பார்க்கிறாய், என்ன? சொல்லாமல் சொல்கிற மாதிரி எழுதியிருக்கிறாய், கை வைக்காதே. அவன் அவளுக்குப் பூக் கொடுக்கவில்லை, பாட்டுப் பாடவில்லை. இரவு ஒன்பதுக்கு கணக்குப் புத்தகங்களுக்கு நடுவில் இரண்டு பேரும் சோற்றுப் பார்சலைச் சாப்பிடுகிறார்கள். அவன் சோறு சுற்றியிருந்த லஞ்ச் சீட்டை நாலாக மடித்து, அதே ரப்பர் பாண்டைப் போட்டுக் கட்டி வைக்கிறான். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான். 143ஆம் பக்கம்.

போன வருஷம் உன் கந்தோர்ப் பிள்ளைகள் ஐந்து பேர் நிலாவெளிக்கு வந்தபோது நான்தான் சோறு கட்டித் தந்தேன். பின்னேரம் பையைத் திருப்பித் தந்தபோது நாலு லஞ்ச் சீட் கசங்கிக் கிடந்தது. ஒன்று நாலாக மடித்து, ரப்பர் பாண்ட் போட்டு, ஓரத்தில் இருந்தது. உயரமான பிள்ளை, கண்ணாடி போட்டவர், குசினிக்கு வந்து "அன்ரி, பை கொண்டு வந்தனான்" என்றவர். கணக்காய்வுப் பிரிவு என்று அப்போது சொன்ன நினைவு.

அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. 143ஆம் பக்கத்தை உருவி எடுத்து என் பைபிளுக்குள் வைத்துவிட்டுத்தான் மிச்சத்தை அவரிடம் கொடுத்தேன். 142க்குப் பிறகு 144 வந்ததை அவர் கவனிக்கவேயில்லை. உன் நாவலில் வருகிற பொலிஸ்காரரும் அவரும் ஒன்று.

தைப்பொங்கல் லீவுக்கு வருவாய்தானே? ஒரு ரிக்கெட்டா, இரண்டா என்று முன்கூட்டியே எழுது. அந்தப் பிள்ளை மாசிச் சம்பல் சாப்பிடுமா என்றும் எழுது.

அம்மா

பி.கு.: கடைப் பொடியனுக்கு முடிவு தெரிய வேண்டுமாம். ஒவ்வொரு நாளும் அப்பாவை மறித்துக் கேட்கிறான். சொல்லலாமா?