செரிமானப் பொடி விற்கும் டர்பன் நகரக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடைய ஐயா, அம்மா,

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் என்று நம் மக்கள் வாழும் பகுதிகளில் உடல்நலப் பொருள்கள் விற்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு மருந்தாளர். செரிமானத்துக்கு என்று நீங்கள் டப்பாவில் விற்கும் அமிலப் பொடியைப் பற்றி, அதாவது பெட்டைன் ஹைட்ரோகுளோரைடைப் பற்றி எழுதுகிறேன். எத்தனை மில்லிகிராம் என்று சொல்லாமலும், வாங்குகிறவர் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்காமலும் அதை இனி யாருக்கும் விற்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

நம் வீடுகளில் செரிமானப் பொடி என்றதும் நினைவுக்கு வருவது இனோ. காரமான ஆட்டுக்கறி சாப்பிட்ட இரவில் ஒரு கரண்டியைத் தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்கும். அதிலுள்ள சோடியம் பைகார்பனேட் வயிற்று அமிலத்தைத் தணிக்கும். பெட்டைன் ஹைட்ரோகுளோரைடு இதற்கு நேர் எதிரானது. அமிலத்தைக் கூட்டுவதுதான் அதன் வேலை. அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம். பார்வைக்கு இரண்டும் வெள்ளைப் பொடிதான். நெஞ்சு எரிகிறது என்று வரும் ஆயாவுக்கு எது எதைச் செய்யும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

குளிகையாக விற்றால் ஒன்றில் இவ்வளவு மில்லிகிராம் என்ற கணக்காவது இருக்கும். பொடியை வாங்குகிறவர் வீட்டில் கைக்குக் கிடைக்கும் கரண்டியால்தான் அளப்பார். குவித்து எடுத்தால் ஒரு தேக்கரண்டியில் பல கிராம் ஏறிவிடும். ஒரு கிராமை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்தாலே அதன் பி.எச் அளவு (அமிலத்தின் கடுமையைக் காட்டும் எண்; அது குறையக் குறையக் கடுமை கூடும்) 2-க்குக் கீழே போய்விடும். பல்லின் எனாமல் 5.5-க்குக் கீழேயே கரையத் தொடங்குகிறது. கரைக்காமல் நாக்கில் கொட்டித் தண்ணீர் குடிப்பவர்களின் வாயும் உணவுக்குழாயும் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்கும் சளிப்படலம் இருக்கிறது. உணவுக்குழாய்க்கு அந்த அளவு காப்பு இல்லை.

இன்னொன்று எனக்கு உறக்கத்தையே கெடுக்கிறது. நம் வீட்டுத் தாத்தாக்களில் எத்தனை பேர் இதயத்துக்கென்று தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார்கள்! முழங்கால் வலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக். தலைவலிக்கோ, மூலைக்கடையில் ஒற்றைப் பொட்டலமாகக் கிடைக்கும் பொடி. அதிலும் ஆஸ்பிரின் இருக்கிறது. இவையெல்லாம் இரைப்பையின் காப்பைக் குறைத்துப் புண்ணுக்கு வழிவிடும் மருந்துகள். பிரெட்னிசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். அந்த வயிற்றில் போய் அமிலத்தைக் கொட்டலாமா? ஏற்கெனவே புண் உள்ளவர்களும், ஒமெப்ரசோல் சாப்பிடுபவர்களும் இந்தப் பொடியைத் தொடவே கூடாது. அமிலத்தைக் குறைக்க மருத்துவர் ஒரு மாத்திரை கொடுத்திருக்கும்போது, கூட்டுவதற்கு நாம் ஒரு பொடியைக் கொடுப்பது எந்த நியாயத்தில் சேரும்?

வயிறு சூடாக உணரும் வரை அளவை ஏற்றிக்கொண்டே போங்கள், பிறகு ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள் என்றும் சில கடைகளில் சொல்லி அனுப்புகிறார்கள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். எரிச்சல் என்பது உடல் தரும் எச்சரிக்கை. அதை அளவுகோலாக வைத்து மருந்து கொடுப்பது வைத்தியம் ஆகாது. எரிந்தால் அன்றே நிறுத்த வேண்டும்.

இந்தப் பொருளால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்தால் அமிலம் குறைக்கப்பட்ட ஆறு ஆரோக்கியமானவர்களுக்கு 1,500 மில்லிகிராம் கொடுத்தார்கள். சில நிமிடங்களிலேயே அவர்கள் இரைப்பையின் பி.எச் 3-க்குக் கீழே இறங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றது. அமிலத்தை அது கூட்டுகிறது என்பதற்கு இது நல்ல சான்று. சாப்பிட்டது செரித்ததா, உப்புசம் குறைந்ததா என்பதை அந்த ஆய்வு பார்க்கவில்லை. செரிமான மருந்தாக மருந்துச்சீட்டின்றி விற்கப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1993-இலேயே இதை விலக்கியிருக்கிறது.

அமிலம் உண்மையாகவே குறைந்தவர்களும் இருக்கிறார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி நெடுநாள் தங்கிய இரைப்பையிலும், உடலின் எதிர்ப்புச் சக்தியே இரைப்பைச் சுவரை அரிக்கும் நோயிலும் அப்படி நேரும். பின்னதில் பி12 சத்தும் குறையும். இதைக் கண்டறியப் பரிசோதனைகள் உண்டு. ஏப்பமும் வயிற்றுப் பாரமும் மட்டும் போதாது. நீரிழிவு நம்மிடையே எவ்வளவு பரவியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பல ஆண்டு நீரிழிவில் இரைப்பை மெதுவாகக் காலியாவதாலும் அதே பாரம் வரும். நெஞ்சில் அழுத்தம் என்றால் இதயமாகவும் இருக்கலாம். மலம் கறுத்தாலும், விழுங்கச் சிரமப்பட்டாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், வாந்தியில் இரத்தம் வந்தாலும் பொடியை எடுத்து வைத்துவிட்டு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

புரட்டாசி விரதம் இருப்பவர்களுக்காக ஒன்று. இந்தப் பொருளோடு பெப்சின் என்னும் நொதியைச் சேர்த்து விற்பதுண்டு. அது பெரும்பாலும் பன்றியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. மாதம் முழுவதும் கவிச்சி தொடாமல் கோவிந்தா சொல்லும் ஒருவருக்கு அதை வாய்திறந்து சொல்லாமல் விற்பது பெரிய பிழை. முஸ்லிம் வாடிக்கையாளர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்.

மருத்துவர் சம்மதித்த ஒருவருக்கு விற்கிறீர்களா? பொடியைவிடக் குளிகை நல்லது. அதைப் பிரிக்காமல், நிறையச் சாப்பிடும் வேளையின் நடுவே தண்ணீரோடு விழுங்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பிட்டதும் படுக்கவும் வேண்டாம். பொடிதான் வேண்டும் என்றால் மில்லிகிராம் காட்டும் தராசில் நிறுத்து, நிறையத் தண்ணீரில் கரைத்து, உறிஞ்சுகுழலால் குடிக்க வேண்டும். பிறகு வாயைக் கொப்பளிக்கலாம், உடனே பல் துலக்கக் கூடாது. டப்பா பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

பதிவாகாத இத்தகைய பொருள்களின் தரத்தையும் பாதுகாப்பையும் தான் மதிப்பிடவில்லை என்று தென்னாப்பிரிக்க மருந்து ஒழுங்குமுறை ஆணையம் சொல்லும் வாசகம் லேபிளில் இருக்க வேண்டும். அதை விலைச்சீட்டால் மறைத்து ஒட்டாதீர்கள்.

வயிற்றுப்புண் இருந்ததா, வலிமாத்திரை அல்லது ஆஸ்பிரின் சாப்பிடுகிறீர்களா, அமிலம் குறைக்கும் மருந்து எடுக்கிறீர்களா: இந்த மூன்றையும் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஸுலுவிலும் அட்டையாக அச்சடித்து, கேட்கும் கடைக்கெல்லாம் காசு வாங்காமல் தருகிறேன். கல்லாப் பக்கத்தில் மாட்டுங்கள். மூன்றில் ஒன்றுக்கு "ஆம்" என்று பதில் வந்தாலும் பொடியை விற்காமல் மருந்தகத்துக்கு அனுப்பிவையுங்கள்.

அக்கறையுடன்,
சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு மருந்தாளர்