தூண்டில் ரீலில் நரம்பை இறுக்கமாகச் சுற்றித் தர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முட்டுக்காடு, பழவேற்காடு உப்பங்கழிகளில் விடுமுறை நாள்களில் கொடுவா மீனுக்குத் தூண்டில் வீச வரும் இளைஞர்கள் பலர் பெய்ட்காஸ்டிங் ரீலை ஆசையாக வாங்குகிறார்கள். வாங்கிய சில வாரங்களிலேயே, ஓயாமல் சிக்கு விழுகிறது என்று சலித்து அதை மூலையில் போட்டுவிடுகிறார்கள். நான் பார்த்த அளவில், இதற்குப் பெரும்பாலும் காரணம், தூண்டில் இழையான நரம்பை, ரீலில் அது சுற்றப்படும் உருளையான ஸ்பூலில் சரியாக ஏற்றாததே.

இன்னொரு வகையான ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது ஸ்பூல் அசையாமல் நிற்கும். நரம்பு மட்டும் வளையம் வளையமாக உருவிச் செல்லும். பெய்ட்காஸ்டிங் ரீலில் ஸ்பூலே சுழன்று நரம்பை விடுகிறது. நரம்பு வெளியேறும் வேகத்தை ஸ்பூலின் வேகம் மிஞ்சினால் அந்தக் கணமே சிக்குதான். இதைத் தடுக்கக் காந்த பிரேக்கையும் கட்டைவிரலையும் எப்படிப் பயன்படுத்துவது என்று எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். ஆனால், உள்ளே தளர்வாகவும் ஒரு பக்கம் மேடாகவும் சுற்றப்பட்ட நரம்பை அவை இரண்டும் காப்பாற்றா. குறிப்பாக, பல இழைகளைப் பின்னிச் செய்த மெல்லிய பிரெய்டு நரம்பு தளர்வாக இருந்தால், நல்ல கொடுவா ஒன்று இழுத்ததும் மேல் சுற்று கீழ்ச் சுற்றுகளுக்குள் இறங்கிப் புதைந்துகொள்ளும். அடுத்த வீச்சில் ஸ்பூல் சட்டென்று நின்று, நரம்பு அறுந்து, காசு கொடுத்து வாங்கிய லூர் என்னும் செயற்கை இரை மும்முனை முள்ளோடு தண்ணீருக்குள் போய்விடும்.

சென்னையில் நான் ரீல் வாங்கிய ஒரு கடையில், ஸ்பூலைத் தனியே கழற்றி மோட்டாரில் மாட்டி, பேசிக்கொண்டே சுற்றிக் கொடுத்தார்கள். கட்டைவிரல் நகத்தால் அழுத்தியதும் நகம் உள்ளே இறங்கியது. திரும்பச் சுற்றித் தரச் சொன்னபோது, பத்து முறை வீசினால் தானே இறுகிவிடும் என்றார்கள். அப்படி இறுகாது.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. ரீலைத் தூண்டில் கோலான ராடில் பொருத்தி, ராடின் முதல் வளையம் வழியாகவும், ரீலில் நரம்பை நடத்திச் செல்லும் லைன் கைடு வழியாகவும் நரம்பைக் கோத்த பிறகே ஸ்பூலில் முடிச்சிட வேண்டும். பிரெய்டு வழுவழுப்பானது என்பதால், வெறும் உலோகத்தில் கட்டினால் மொத்தச் சுற்றும் வழுக்கிச் சுழலும். முதலில் சில மீட்டர் சாதாரண நைலான் நரம்பைச் சுற்றி, அதனோடு பிரெய்டை முடிந்துகொள்வது நல்லது. புது நரம்பு உருளையின் நடுவே பென்சிலைச் செருகி ஒருவர் பிடித்துக்கொள்ள, உருளை சுழன்று நரம்பைத் தருமானால் முறுக்கு ஏறாது. நெசவுக்குத் தார் சுற்றுபவர்கள் இழையை விரலிடையே அழுத்தி விடுவதுபோல, நரம்பை ஈரத்துணிக்குள் அழுத்திப் பிடித்தபடி கைப்பிடியை நிதானமாகச் சுற்ற வேண்டும். வெறும் விரல் என்றால் பிரெய்டு தோலை அறுத்துவிடும். ஸ்பூல் விளிம்புக்குக் கீழே 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடம் விட்டு நிறுத்தினால் போதும்.

நரம்பை இடமும் வலமுமாக நடத்திச் செல்லும் லெவல் விண்ட் அமைப்பு, அமெரிக்காவின் கலமசூ நகரைச் சேர்ந்த வில்லியம் ஷேக்ஸ்பியர் ஜூனியர் 1890-களில் காப்புரிமை பெற்றது. அதற்கு முன் அந்த வேலையைக் கட்டைவிரலே செய்துவந்தது. ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இரு சுருள் பள்ளங்கள் கொண்ட தண்டில் ஒரு சிறு பல் ஓடி, லைன் கைடை இரு முனைகளுக்கும் இடையே நகர்த்துகிறது. ஸ்பூலைக் கழற்றி மோட்டாரில் சுற்றும்போது இந்த அமைப்புக்கு வேலையே இல்லாமல் போகிறது என்பதைக் கடைக்காரர்கள் யோசிக்க வேண்டும். வீட்டில் சுற்றும்போதும் நரம்பு ஒரே பக்கம் குவிந்தால், அந்தப் பள்ளத்தில் உப்பும் மணலும் அடைத்திருக்கின்றனவா, பல் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பல்துலக்கியால் சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டாலே பல நேரங்களில் சரியாகிவிடும்.

சிக்கு விழுந்த நரம்பை அவிழ்க்கப் பொறுமையில்லாதவர்கள் அங்கேயே அறுத்து வீசிவிடுகிறார்கள். முட்டுக்காட்டுக் கரைக் கற்களுக்கிடையே அது கொத்துக் கொத்தாகக் கிடக்கிறது. எளிதில் மக்காத அந்த நரம்பில் நீர்ப்பறவைகளின் கால்கள் மாட்டிக்கொள்கின்றன.

ஆகவே, ரீல் விற்கும் கடைக்காரர்கள் ஸ்பூலைக் கழற்றாமல், வாங்குபவரின் கண்ணெதிரே, ஈரத்துணியின் அழுத்தத்தோடு லெவல் விண்ட் வழியாகவே நரம்பைச் சுற்றித் தர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். வாங்குபவர்களும் நகத்தால் அழுத்திப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்,
திருவான்மியூர், சென்னை.