பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியில வெச்ச கடுதாசி

தம்பி,

பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் அனுப்பிருக்கேன், டப்பா மூடி லூஸு, பாத்து தொற. வாட்ஸ்அப்ல எழுதுனா ப்ளூ டிக் விழும், அப்புறம் "ம்"முன்னு ஒத்த எழுத்து வரும், அதான் பேப்பர்ல எழுதுறேன். கோவப்படாத.

நேரத்துக்கு சாப்பிடுதியா, தூங்குதியா? செவ்வாக்கிழம லாஸ்ட் சீன் 3.10னு காட்டுச்சு, மறுநா 2.45. ஆபீஸ் வேலையா இருக்கும்னு அப்பாட்ட சொன்னேன், அவரு பேப்பர விட்டு தலைய தூக்கல. உனக்கு ப்ரமோஷன் வந்தத தெருவெல்லாம் சொல்லியாச்சு, எதுத்த வீட்டு டீச்சர் ஸ்வீட் எங்கன்னு கேக்காங்க. ஆனா கோயில் கொடைக்கு வந்த மூணு நாளும் உன் மூஞ்சிய யாரும் பாக்கலடா, உச்சந்தலைய தான் பாத்தோம். ஆச்சி மைசூர்பாகு நீட்டுறா, நீ குனிஞ்சபடியே "அங்க வைங்க"ங்க. அந்த தட்ட எறும்பு மொச்சிருச்சு. சரி விடு. தூக்கம் முக்கியம், அதுக்கு தான் சொல்றேன்.

மூணு மணிக்கு நீ முழிச்சிருக்கது எனக்கு எப்படி தெரியும்னு கேப்ப. நானும் முழிச்சிருக்கேன். ரீல்ஸ். கோலத்துல ஆரம்பிச்சு மீன் கொழம்பு, யாரு வீட்டு வளைகாப்போ, அப்புறம் என்னன்னே தெரியாத ஏதோ, கட்டவெரல் வலிச்சாலும் தள்ளிக்கிட்டே கெடக்கேன். போன மாசம் ஒரு ராத்திரி ஆச்சி தண்ணி கேட்டிருக்கா, காதுல இயர்போன், எனக்கு கேக்கல, டம்ளர எடுத்து கட்டில் கம்பில தட்டியிருக்கா. காலைல பாக்கேன், விளிம்பு நசுங்கிருக்கு. அவ ஒரு வார்த்த சொல்லல.

14416க்கு போன் போட்டேன். டெலி மானஸ்னு, மனசு சரியில்லன்னா கூப்புட்டு பேசுற நம்பர், கவர்மெண்ட்டோடது, காசு இல்ல, ராத்திரியும் எடுக்காங்க, தமிழ்லயே பேசலாம். மொத தடவ ரிங் போனதும் கட் பண்ணிட்டேன். அடுத்த தடவ அந்தப் பொண்ணு "சொல்லுங்கம்மா"ன்னதும் அழுக வந்துருச்சு. அப்புறம் பெரியாஸ்பத்திரி மனநல ஓபிக்கும் போனேன். கேம் பழக்கத்த உலக சுகாதார நிறுவனம் 2019லயே நோய் லிஸ்ட்ல சேத்துட்டாங்களாம், இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லன்னாங்க. ராத்திரி போன படுக்கைக்கு கொண்டு போகாதீங்க, மொதல்ல அத செய்ங்கன்னாங்க.

உன்ன சொல்லல. பெங்களூர்லயும் நிம்ஹான்ஸ்ங்கற மனநல ஆஸ்பத்திரில இதுக்குன்னே ஷட் கிளினிக்னு 2014ல இருந்து நடக்காம், சும்மா தான் கேட்டு வெச்சேன். ஓசூர் ரோட்டுல தான இருக்கு, நீ டெய்லி போற வழி.

அந்த ஓபி சீட்டு லைன்ல நம்ம தெரு ஆளு ஒருத்தர் பாத்துட்டு என்னம்மா இங்கன்னு கேக்கவும் சுகர்னு சொல்லிட்டேன். சொன்ன வாய் மூடல, நம்ம மாடிப்படி ஞாபகம் வந்துருச்சு. லாக்டவுன்ல அங்க உக்காந்து "அம்மா, என்னால போன கீழ வெக்கவே முடியல, யாராவது டாக்டர பாக்கலாமா"ன்னு நீயா தான் கேட்ட. பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா போகணுங்க, நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்னேன். சார்ஜர புடுங்கி அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சேன், அதான் நான் பாத்த வைத்தியம். அந்த செப்டம்பர்ல பப்ஜிய தடை பண்ணிட்டாங்கன்னு டிவில சொன்னதும் பாயசம் வேற வெச்சேன். ஒரு வாரத்துல நீ வேற கேம் எறக்கிட்ட. அதுக்கப்புறம் எங்கிட்ட நீ எதையுமே கேட்டதில்ல. தப்பு என்னுதுடா.

பத்து மணிக்கு மேல என் போன் ஹால்ல டிவி பக்கத்துல இருக்கும், ஏதாவதுன்னா அப்பா நம்பருக்கு அடி. ரெண்டு நாள் ஒழுங்கா வெச்சேன், நேத்து எந்திரிச்சுப் போய் எடுத்துட்டேன். இன்னிக்கு மறுபடி வெக்கணும்.

நேரத்துக்கு தூங்கு. புது டம்ளர் வாங்கலாம்னா ஆச்சி வேண்டாங்கா. நார்த்தங்காய ஒரு நா வெயில்ல காட்டி எடுத்து வை.

அம்மா